மலைத்தொடரை ஒரே படத்தில் ரசிப்பது எப்படி?

கண்டி நகருக்குத் தென்மேற்கே, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அரணாக நிற்கும் ஹந்தானை முகட்டில் ஏறியவர்கள், வடகிழக்கே நக்கிள்ஸ் சிகரங்களிலிருந்து மேற்கே அலகல்லை வரை விரிந்து கிடக்கும் அந்த சௌந்தர்யத்தை ஒரே படத்தில் அடக்கிவிட ஆசைப்படுவது இயல்பே. சாதாரண லென்ஸின் திருஷ்டி அவ்வளவு விசாலமானதன்று. ஆகவே காமிராவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு படத்திலும் முந்திய படத்தின் மூன்றில் ஒரு பங்காவது மீண்டும் விழும்படி எடுத்து, மென்பொருளைக் கொண்டு இணைக்கிறார்கள்.

காணும் திசையெல்லாம் ஒரே சித்திரத்தில் வரவேண்டுமென்ற அவா பழையது. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் 1787-லேயே அவ்வாறு வரையும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். படங்களின் வரிசையை மனிதர் சொல்லாமலே கணினி கண்டறிந்து இணைக்கும் முறையை மாத்யூ பிரவுனும் டேவிட் லோவும் 2003-இல் வெளியிட்டனர். பாறை விளிம்பு, கூரை முனை போன்ற தனித்த அடையாளங்களை அடுத்தடுத்த படங்களில் பொருத்திப் பார்த்து, ஒவ்வொன்றும் எத்திசை நோக்கி எடுக்கப்பட்டதென்று மென்பொருள் கணக்கிடுகிறது. ஹெல்மூட் டெர்ஷ் இயற்றிய கருவிகளை ஆதாரமாகக் கொண்ட ஹூகின் என்னும் மென்பொருள் இன்று எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

இத்தகைய படம் கைக்கு வந்ததும், தூரத்துச் சிகரங்களில் மயங்கிவிடாமல், முதலில் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒரு விரலை முகத்துக்கு எதிரே நிறுத்தி, இரு கண்களையும் மாறிமாறி மூடினால், விரல் மலையின்மீது இடம்பெயர்வது தெரியும். காமிரா திரும்பும்போது நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தாலும் அதுவே நேர்கிறது: மலை பொருந்திவிடும், காலடி மானாப்புல் பொருந்தாது. திரும்பியதைச் சரிசெய்யும் மென்பொருளால், நகர்ந்ததை முழுமையாகச் சரிசெய்ய இயலாது. கீழ்ச்சரிவின் தேயிலை நிரைகளும் தோட்டத்துப் பாதையும் முறிவின்றி ஓடினால், எடுத்தவர் ஸ்திரமாக நின்றாரென்று பாராட்டலாம்.

அடுத்து ஆகாயம். லென்ஸின் ஓரங்களில் ஒளி குன்றுவதால், கவனமின்றி இணைத்த வானத்தில் மங்கிய பட்டைகள் தோன்றும். பர்ட், அடெல்சன் என்ற ஆய்வாளர் இருவரும் 1983-இல் வகுத்த முறை, பரந்த நிறங்களை அகலமாகவும் நுண்ணிய விவரங்களைக் குறுகலாகவும் கலந்து இக்குறையை நீக்குகிறது. ஆனால் ஹந்தானையின் மூடுபனியோ பிடிமானமான அடையாளம் எதையும் தராததோடு, படத்துக்குப் படம் நகர்ந்தும்விடும். அதைச் சிதையாமல் கொண்டுவருவது அபாரமான பொறுமையின் பலன்.

மூன்றாவது, வளைவு. மிக அகன்ற காட்சியைத் தட்டையாக விரித்தால் ஓரங்கள் அளவுக்கு மீறி இழுபடும். உருளைமேல் சுற்றியதாக விரித்தால் நேரான பாதை வில்லாக வளையும். அந்த வளைவு குற்றமன்று. ஆனால் பைன் மரங்கள் இடக்கோடியில் ஒருபுறமும் வலக்கோடியில் மறுபுறமும் சாய்ந்தால், படம் சமநிலைப்படுத்தப்படவில்லை என்று அறியலாம்.

இயன்றால் பெரிதாக அச்சிட்டு, அருகில் நின்று, இடமிருந்து வலமாக நடந்தபடியே பாருங்கள். பல கணங்களில் எடுத்த பார்வைகளை ஒருமைப்படுத்துவது மென்பொருளின் சாதுர்யம் என்றாலும், அவ்வொருமைக்கு ஆதாரம் ஒரே ஸ்தானத்தில் அசையாமல் நின்ற மனிதரின் நிதானமே. அந்த நிதானத்தை உணர்ந்து பார்ப்பதே பூரண ரசனை.