மீட்சிக்குப் பின்: கல்கியின் சிவகாமி

மாமல்லபுரக் கடற்கரையில் கருக்கொண்டதாகக் கல்கி கூறும் ‘சிவகாமியின் சபதம்’ பெரிதும் காதற்காவியமாகவே வாசிக்கப்பட்டுள்ளது. அதனைச் சிறைமீண்டவளின் கதையாக வாசிப்பின் வேறொரு சிக்கல் புலப்படும்.

வாதாபியில் ஒன்பதாண்டுகள் சிறையிருந்த சிவகாமி, மாறுவேடத்தில் வந்து அழைக்கும் மாமல்லனுடன் செல்ல மறுக்கிறாள். பகைவர் பூட்டிய சிறையை அவளது சபதம் உள்ளிருந்தும் பூட்டிவிடுகிறது. அவளுக்குக் காலம் அங்கேயே உறைந்து நிற்க, காஞ்சியில் அது நிற்கவில்லை. மாமல்லன் பாண்டியன் மகளை மணந்து மக்களையும் பெற்றுள்ளதை மீண்ட பின்னரே அவள் அறிகிறாள். ‘சிதைந்த கனவு’ என நான்காம் பாகம் பெயர்பெறுவது கருதத்தக்கது. கனவு சிதைவது வாதாபியிலன்று, வீட்டில்.

கூரம் செப்பேடு, பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மணிமங்கலம் உள்ளிட்ட போர்க்களங்களைப் பெயர்சுட்டிப் பாடுகிறது, கி.பி. 642-இல் வீழ்ந்த வாதாபியின் பாறையிலும் நரசிம்மவர்மன் பெயர் உண்டு. சிறைப்பட்ட பெண்ணுக்கோ அவற்றில் இடமில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பியதே கல்கியின் சாதனை. எனினும் போருக்குத் தாராளமாகப் பக்கங்களை ஈந்தவர், ஆயனரும் மகளும் மீண்டும் ஒருகூரையின்கீழ் வாழ்ந்த நாள்களை விரைந்து கடக்கிறார். ஏகாம்பரநாதர் சந்நிதியில் அவள் தன்னை ஒப்படைக்கும் முடிவு அதனாலேயே சற்று அவசரமாகத் தோன்றுகிறது.