பொன்னெழுத்தும் அதன் நடுவரும்

பாரசீக அரசாணை நமக்குப் புதியதன்று. மறைநூலிலேயே அதைச் சந்தித்திருக்கிறோம். எஸ்ரா நூலில் சைரசு மன்னரின் ஆணை யூதருக்குத் தாயகம் திரும்பும் வழியைத் திறக்கிறது. எஸ்தர் நூலிலோ, ஒரே மன்னரின் கணையாழி ஓர் இனத்தை அழிக்கும் ஆணைக்கும், பின்னர் அவ்வினத்தைக் காக்கும் ஆணைக்கும் முத்திரையாகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே மண்ணை ஆண்ட சபாவி மன்னர்களின் 'பர்மான்' என்னும் ஆணைகளைக் கலைப்பொருள்களாகக் கண்டு வியக்கும்போதும், இந்த இருமுகத்தை நாம் மறத்தல் ஆகாது.

அவை வியப்பிற்குரியவை என்பதில் ஐயமில்லை. தாளின் மேற்பகுதியும் வலப்புற ஓரமும் அகலமாக வெறுமையாய் விடப்படுகின்றன. அவ்வெறுமையே ஆணைக்கு மாண்பு சேர்க்கிறது. வலமிருந்து இடம் செல்லும் வரிகள் இறுதியில் மேல்நோக்கி வளைந்து எழுகின்றன. அரசு அலுவலகத்திற்கென வளர்ந்த 'தாலிக்' எழுத்து முறையில், இயல்பாக இணையாத எழுத்துகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. எழுதுவோரின் கைக்கு அது விரைவைத் தந்தது. இடையே பொய்ச்சொல் நுழைவதையும் அரிதாக்கியது. அழகே அங்குக் காவலுமாயிற்று. சிறப்புமிக்க ஆணைகளைப் பொன்னும் நீலமும் அணிசெய்தன.

ஆயினும் நம்மைச் சிந்திக்க வைப்பது பொன்னன்று, தாளின் உச்சியே. ஆட்சி இறைவனுக்கே உரியது என்னும் பொருள்படும் சிறிய அரபுத் தொடர் பல ஆணைகளின் தலைப்பில் நிற்கிறது. மன்னரின் பெயரும் முத்திரையும் அதற்குக் கீழேதான் இடம்பெறுகின்றன. எழுதுவோர் அதை வெறும் மரபாகக் கருதியிருக்கலாம். எனினும், தாளில் எழுதிய பின் அச்சொல் சும்மா இருப்பதில்லை; கீழுள்ள ஒவ்வொரு வரியையும் அது அளந்து பார்க்கிறது.

முதலாம் ஷா அப்பாஸ் (1587–1629) காலத்தை அவ்வளவுகோலால் அளப்போம். 1607-ஆம் ஆண்டின் இறுதியில் இஸ்பகானை அடைந்த கார்மேல் சபைத் துறவியரை வரவேற்றவர் அவர். அவரே 1604–05-இல், துருக்கியருடனான போரின்போது, அராஸ் ஆற்றங்கரையிலிருந்த ஜுல்பா நகரின் ஆர்மீனியக் கிறிஸ்தவர்களை வேரோடு பெயர்த்தார். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோருக்கு இஸ்பகானின் அருகே புதிய ஜுல்பா அமைந்தது. அரச சலுகைகளும் ஆணைகளாய் வந்தன. அங்குள்ள வாங்க் பேராலயத்தின் அருங்காட்சியகத்தில் சபாவி மன்னர்களின் ஆணைகளை இன்றும் காணலாம். அம்மக்களுக்கு அவை ஓவியங்களா? அல்ல, கூரையும் வேலியும் போன்றவை. எழுத்துக்கலையின் பேராசான் மீர் இமாதும், அதே மன்னரின் மனக்கசப்பிற்கு ஆளான பின், 1615-இல் இஸ்பகானில் கொலையுண்டார். எழுத்தைப் போற்றிய அரசவையில் எழுதிய கைக்குப் பாதுகாப்பில்லை.

அப்படியாயின் இக்கலையை நாம் புறக்கணிக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. வடிவத்தை மட்டும் புகழ்ந்து பொருளை மறப்பது அரைகுறைத் திறனாய்வு. மன்னரின் கொடுமையை மட்டும் கண்டு, எழுதியவரின் பொறுமையையும் பக்தியையும் பழிப்பதும் அவ்வாறே. வாக்கு மனுவுருவானது என்று நம்பும் நமக்கு, எழுதப்பட்ட சொல் மனிதரின் வாழ்வில் என்னவாயிற்று என்று கேட்கும் கடமை உண்டு. அந்த ஆணைகளைத் தீர்ப்பிட வெளியிலிருந்து நடுவர் எவரும் வர வேண்டியதில்லை. அவர் பெயரை எழுதியவரே தாளின் உச்சியில் எழுதி வைத்துவிட்டார்.