மொறிஸ் ட்ரவலர்: மெக்கானிக்குக்கு முதல் ஓடாவியைப் பாருங்கள்

மொறிஸ் மைனர் ட்ரவலர் ஒன்றை வீட்டில் வைத்துத் திருத்தி எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம், தெரிந்த தச்சர் யாராவது இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்பேன். இயந்திர வேலை பழகுவதற்கு இதைவிட இலகுவான கார் கிடையாது. ஸ்பனர் பிடிக்கத் தெரிந்த யாரும் கைநூலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். முன்கதவுக்குப் பின்னால் இருக்கிற பாதி உடம்புதான் சிக்கல். அங்கே கூரையையும் பக்கத் தகடுகளையும் பின்கதவுகளையும் தாங்கி நிற்பது மரம். அழகுக்கு ஒட்டிய மரம் என்று நினைத்து வாங்கியவர்கள் பலர் பாதி வழியில் தார்ப்பாயால் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வரலாறு சுருக்கமாக. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. பின்னாளில் மினியைத் தந்தவரும் அவரேதான். மரச்சட்டம் போட்ட ட்ரவலர் 1953 இல் வந்து 1971 வரை ஓடியது. முதலில் 803 சிசி, 1956 இலிருந்து 948, 1962 இலிருந்து 1098. மூன்றுமே 'ஏ சீரீஸ்' எஞ்சின்கள். அந்தக் குடும்பம் 2000 ஆம் ஆண்டு வரை மினியில் உயிரோடு இருந்தபடியால் உதிரிப்பாகத்துக்கு இன்றுவரை பஞ்சமில்லை. என்னிடம் இருப்பது 1959 இன் 948. பேப்பரில் 37 குதிரைவலு. கோப்பாயில் ஒரு கொட்டிலுக்குள் கிடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இலங்கையில் சில்லு உருளுகிற எதற்கும் விலை ஏறிவிட்டது. 2025 இல் கதவு திறந்தும் பழையவற்றின் விலை பெரிதாக இறங்கவில்லை. எனவே மலிவாகக் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு யாரும் தொடங்க வேண்டாம்.

இனி மரம். தொழிற்சாலையில் போட்டது ஆஷ் மரம். ஹொக்கி மட்டை செய்வார்களே, அதே மரம். அதிர்வைத் தாங்கும், வளைக்கலாம், சீவுவதற்கும் சுகம். ஆனால் ஈரத்தில் நிற்கத் தெரியாது. பக்கச் சட்டத்தில் இருக்கிற மரங்களுக்குள் அலுமினியத் தகடு தவாளிப்பில் செருகி நிற்கிறது, மேலே அலுமினியக் கூரை. கீழ்த்தளமும் முன்பாதியும் இரும்பு. மரம் உளுத்தால் இரும்பை வெட்டி ஒட்டுவதுபோல ஒட்ட முடியாது. இங்கிலாந்தின் வருடாந்தப் பரிசோதனையில் ட்ரவலரின் மரச்சட்டம் உளுத்திருந்தால் துருப்பிடித்த சேசிஸுக்குக் கொடுக்கிற அதே தண்டனைதான்: கார் தேறாது.

உளுப்பு எங்கே தொடங்கும் என்பதில் இரகசியம் ஒன்றுமில்லை. பக்க ஜன்னல் கண்ணாடிகள் முன்னும் பின்னும் தள்ளுபவை. அவை ஓடுகிற தவாளிப்பில் மழைத்தண்ணீர் தேங்கும். அடியிலே வடிய விட்டிருக்கிற சின்னத் துவாரங்கள் தூசியாலும் சருகாலும் அடைபட்டால் தண்ணீர் ஜன்னலுக்குக் கீழே இருக்கிற நீள மரத்துக்குள்தான் போகும். பாசி படர்ந்த தவாளிப்புகளை நான் கண்டிருக்கிறேன், ஒன்றில் புல்லும் முளைத்திருந்தது. அடுத்தது பின்கதவுப் பக்கத் தூண்களின் அடி, பிறகு சில்லுக்கு மேலே வளைந்து போகிற துண்டு. வாங்கப் போகும்போது மெல்லிய ஸ்குறூ டிறைவர் ஒன்றைக் கொண்டுபோய் இந்த மூன்று இடத்திலும் மெதுவாக ஊன்றிப் பாருங்கள். என்னுடையதில் இடதுபக்கத் தூணின் அடியில் அது புட்டுக்குள் விரல் போவதுபோல இறங்கியது. மேலே மினுமினுவென்று வார்ணிஷ். விற்பவர் தட்டிக் காட்டிய இடமும் அதுவல்ல.

வலதுபக்கம் வேறு கதை. முன்பு யாரோ அங்கே முதிரை போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தான் கதவு நிலைக்கு முதிரையைத்தான் தேடுவான். கறையான் தொடாது, தலைமுறை தாண்டும். காருக்கு அது சரிவராது. முதிரையின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீருடையது. ஆஷ் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். வளைந்தும் கொடுக்காது. காரின் உடம்பு ஓட்டத்தில் கொஞ்சம் முறுகும். முறுகாத மரத்தைப் போட்டால் இணைப்பு ஆணிகளும் பசையும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டிவரும். அப்படியே நடந்திருந்தது: மரம் கல்லாக நின்றது, மூலைப் பொருத்துகள் எல்லாம் வாய் பிளந்திருந்தன.

நான் தளபாடத் தச்சர் இரண்டு பேரிடம் காட்டினேன். கதிரை, அலுமாரி செய்கிறவர்களுக்கு நேர்கோடும் செங்கோணமும்தான் பழக்கம். ட்ரவலரில் நேர்கோடு என்று ஒன்றுமே கிடையாது. கடைசியில் வல்வெட்டித்துறைப் பக்கம் ஒரு ஓடாவியாரிடம் போனேன். மரவள்ளம் கட்டிய காலத்து மனிதர், இப்போது பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிறார். அந்த ஊருக்கு மரம் வளைப்பது புதிதல்ல. அங்கே கட்டிய அன்னபூரணி கப்பல் பாய்விரித்துப் போய் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைத் தொட்டது. அவர் காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார், சில்லுக்கு மேல் வளைவில் கையை வைத்துப் பார்த்தார். "தம்பி, இது கார் இல்லை. வள்ளத்தைக் கவிட்டு வைச்சிருக்கிறாங்கள்" என்றார். "ஐயா, ஆஷ் இங்கை கிடைக்காது" என்றேன். "கிடைச்சாலும் வேண்டாம், எங்கடை மாரிக்கு அது நிக்காது. தேக்கிலை செய்வம்."

தேக்கா, ஆஷா என்பதில் பழைய கார் ஆட்களிடையே பெரிய சண்டை உண்டு. தொழிற்சாலை போட்டதைத்தான் போட வேண்டும் என்பவர்கள் இங்கிலாந்திலிருந்து முழுச்சட்டமாக வரவழைக்கலாம். பொருத்தத் தயாரான நிலையில் விற்கிறார்கள். கப்பல் கூலியும் தீர்வையும் சேர்த்தால் காரின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நான் தேக்குக் கட்சி. எடை ஆஷுக்கு அருகில், ஓரளவு வளையும், கறையானுக்கும் பிடிக்காது. ஒரேயொரு குணக்கேடு, மரத்திலுள்ள எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. எப்பொக்சி பூச முதல் ஒவ்வொரு பொருத்தையும் அசிற்றோனால் துடைத்து, உலர்ந்தவுடனேயே ஒட்ட வேண்டும். நாளைக்கு ஒட்டலாம் என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.

வேலை முறையில் ஒரு விதி மட்டும் மீறக்கூடாதது: ஒருநேரத்தில் ஒரு பக்கம். இரண்டு பக்கச் சட்டத்தையும் கழற்றினால் கூரைக்கு ஆதாரம் இல்லை, பின்கதவுகள் திரும்பப் பொருந்தவே பொருந்தா. கழற்ற முதல் உள்ளே குறுக்காக மரச்சலாகை அடித்துக் கூரையின் உயரத்தையும் கதவு வாயின் மூலைவிட்டங்களையும் பிடித்து வைக்க வேண்டும். பழைய துண்டுகளை எவ்வளவு உக்கியிருந்தாலும் எறியாதீர்கள், அவைதான் அச்சு. ஓடாவியார் எங்கள் உளுத்த தூணைப் பலகையில் கிடத்தி, காணாமல்போன பகுதியைக் கண்ணால் அளந்து பென்சிலால் இழுத்தார். பொருத்தும்போது ஒரு நூல்கூட விலகவில்லை. இரும்பு ஆணி கூடாது; ஈரமான மரத்தில் இரும்பு பட்ட இடமெல்லாம் கறுக்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு. தவாளிப்பில் தகட்டைச் செருக முதல் மஸ்ரிக் பசை தாராளமாக. பூச்சுக்கு பொலியூரிதேன் வார்ணிஷ் வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் ஒரு வெடிப்பு விழுந்ததும் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். ஊறுகிற எண்ணெய்ப் பூச்சுத்தான் சரி. மினுக்கம் குறைவு, வருடாவருடம் திரும்பப் பூச வேண்டும்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, அவ்வளவு எளிது. வால்வு இடைவெளி 12 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு), பொயின்ற் இடைவெளி 15 தௌ, எரியும் ஒழுங்கு 1-3-4-2. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் பழகிவிடலாம். யாழ்ப்பாணத்து எஞ்சின்களுக்கு மட்டும் ஒரு தனிச் சரித்திரம் உண்டு. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் தங்க விலை விற்றபோது இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபுறேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது சாத்தியமானது. என்னுடையதன் ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் தலையில் கரி தடித்த தோலாகப் படிந்திருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எண்ணெயை நீர்த்துப்போகச் செய்வதால் பெயரிங்குகளையும் பார்த்தே ஆக வேண்டும். ஹெட் கழன்ற கையோடு எக்ஸோஸ்ற் வால்வுகளுக்குக் கடினமான சீற் போட்டுவிடுங்கள். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இல் நின்றுபோனது. பழைய வார்ப்பிரும்புச் சீற்றுக்கு ஈயம்தான் காவலாக இருந்தது.

அடிப்பகுதியில் இரண்டு விஷயம். முன்சில்லைத் தாங்குகிற ட்ரனியன் என்ற பாகம் திருகுமறையில் நிற்கிறது. சில்லு திரும்பும்போது மறையும் திரும்பும். ஆயிரம் மைலுக்கு ஒருதரம் கிறீஸ் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதை அலட்சியம் செய்தால் மறை தேய்ந்து ஒருநாள் கழன்று சில்லு காருக்கு அடியில் மடிந்துவிடும். மைனரின் மிக ஆபத்தான குறைபாடு இதுதான். எவ்வளவு நல்ல கார் என்றாலும் ஜாக்கியில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம். மற்றது பிறேக் மாஸ்ரர் சிலிண்டர். சாரதியின் காலுக்குக் கீழே சேசிஸ் சட்டத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதன் போல்ட்டை வெளியே இழுக்கப் போனால் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். ஆகவே பிறேக் வேலைக்காக முன் சஸ்பென்ஷனைத் தளர்த்த வேண்டும்! இசிகோனிஸ் பெரிய மேதைதான், இந்த இடத்தில் மட்டும் அவர் கையில் ஸ்பனர் இருந்ததில்லை என்று தோன்றும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து செருகிவிட்டால் அடுத்தமுறை இந்தப் பாடு இல்லை.

948 இன் முன் பிறேக் 7 அங்குல ட்ரம். அந்தக் காலத்துத் தெருவுக்குப் போதும், இன்றைய ஏ9 வீதியில் சொகுசு பஸ் பின்னால் வரும்போது போதாது. 1098 இன் 8 அங்குல ட்ரம் நேரே பொருந்தும், அதை மாற்றினேன். மின்சாரம் நேர்முனை நிலத்தொடுப்பு: பற்றறியின் பிளஸ் பக்கம்தான் உடம்போடு சேரும். இது தெரியாமல் இன்றைய ரேடியோவைப் பூட்டினால் ரேடியோ அவ்வளவுதான். தூணிலிருந்து கை நீட்டுகிற பழைய சிக்னலை விட்டுவைத்திருக்கிறேன். ஆனால் அதைப் பார்த்து யாரும் வழிவிடுவதில்லை. மினுங்குகிற விளக்கு கட்டாயம் தேவை.

ஓட்டம்? ஸ்ரியறிங்தான் இதன் பெருமை. பல்சட்டம் வைத்த ஸ்ரியறிங், கை நினைத்த இடத்துக்கு மூக்கு போகும். வளைவுகளில் இன்றைய மலிவுக் கார்கள் பலவற்றைவிட இது சொல் கேட்கிறது. முதல் கியரில் சிங்ரோ இல்லை, கார் நின்ற பிறகு போடுங்கள். மணிக்கு 70 கிலோமீற்றர் வரை நிம்மதி. அதற்கு மேல் எஞ்சின் கத்துகிறது, காதும் கேட்காது. காலை எடுத்தால் சைலன்சர் ஒருவிதமாகப் புறுபுறுக்கும். மைனர்காரர் அந்தச் சத்தத்தை வைத்தே தெருமுனையில் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். பின்னால் இலைவில், சும்மா போனால் குதிக்கும். இரண்டு மூட்டை அரிசி ஏற்றியதும் மரியாதையாகப் போகும். பின்சீற்றை மடித்து இரண்டு கதவையும் அகலத் திறந்தால் ஒரு சைக்கிள் படுக்கும். சித்திரை வெயிலில் மட்டும் உள்ளே இருக்க முடியாது. ஏசி கிடையாது, தள்ளு ஜன்னல் காற்றை உள்ளே விடுவதைவிடக் கிலுகிலுப்பதில்தான் கெட்டிக்காரன்.

ஓட மட்டும் ஒரு மைனர் வேண்டும் என்றால் இரும்பு உடம்புச் சலூனை எடுங்கள். பாதிச் செலவு, கால்வாசித் தலையிடி. மற்றப் பாகங்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒன்றே; கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் பழையது கிடைக்கும், புதியது இங்கிலாந்திலிருந்து வரும். ட்ரவலர்தான் வேண்டும் என்று மனம் பிடித்துக்கொண்டால், எஞ்சின் செத்து மரம் நல்லாயிருக்கிற காரைத் தேடி எடுங்கள். எஞ்சின் ஓடி மரம் உளுத்ததை, எவ்வளவு இனிமையாக ஓடினாலும், விட்டுவிடுங்கள். நிறுத்துவதற்குக் கூரை போட்ட இடம் வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடக்கூடாது, அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஐப்பசி மழை தொடங்க முதல் ஜன்னல் தவாளிப்புத் துவாரங்களைக் கம்பியால் குத்தித் துப்புரவாக்கி, மரத்துக்கு ஒருதரம் எண்ணெய் பூசி, ட்ரனியனுக்கும் கிறீஸ் அடித்துவிட்டால் அந்த மாரிக்கு வேறு வேலை இல்லை.