விடைத்தாளைக் கொடுத்துவிட்டு நடத்தும் தேர்வு

காற்றில் கரியமில வாயு கூடியது பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு வாக்கியமும் வந்துவிடுகிறது: இவ்வளவு வாயு கடைசியாக இருந்தது 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பிளியோசீனில். அதுவரை சரி. அடுத்த வரியில்தான் கோளாறு. அன்றிருந்த உலகமே நாளை நமக்கு வரப்போகிறது என்று முடித்துவிடுகிறார்கள். இந்த மோஸ்தருக்குத் தீனி போட்டது 2018-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரை. உமிழ்வு கட்டுக்கடங்காமல் போனால் 2030 வாக்கிலேயே புவியின் தட்பவெப்பம் நடுப் பிளியோசீனை ஒத்துவிடும் என்றது அது. அக்கட்டுரை எதை எதோடு ஒப்பிட்டது என்பது செய்திகளில் அரிதாகவே வந்தது. ஒருபுறம் எதிர்காலத்தைக் கணித்த மூன்று கணினி மாதிரிக் குடும்பங்கள். மறுபுறம் பிளியோசீனைக் கணித்த அதே குடும்பங்கள். மாதிரிக்கும் மாதிரிக்கும் பொருத்தம் பார்த்த கதை. கடலடிச் சேற்றுக்கு அந்தப் பேச்சில் நேரடியாக இடமே இல்லை.

பிளியோசீன் ஆய்வுத் துறையின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. கடலடிச் சேற்றில் நுண்பாசிகள் விட்டுச்சென்ற ஆல்கீனோன் மூலக்கூறுகளிலிருந்தும், ஃபோராமினிஃபெரா என்ற கடல் நுண்ணுயிரிகளின் ஓடுகளில் உள்ள மெக்னீசியம்–கால்சியம் விகிதத்திலிருந்தும் மறைந்துபோன ஒரு கடலின் வெப்பத்தை மீட்டெடுத்திருக்கிறார்கள். இன்று பனி மூடிக் கிடக்கும் எல்ஸ்மியர் தீவில் அன்று காடு இருந்தது; ஒட்டகம் திரிந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் ஹாரி டவுசெட் வழிநடத்திய பிரிஸம் திட்டம் இல்லாவிட்டால் இவையெல்லாம் சிதறிய தகவல்களாகவே நின்றிருக்கும். பிளியோமிப் என்ற மாதிரி ஒப்பீட்டுத் திட்டம் தன் முதல் கட்டத்தில் 2.4 லட்சம் ஆண்டுகளை ஒன்றாகத் திரட்டிச் சராசரி எடுத்தது. இரண்டாம் கட்டத்தில் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டு, 32 லட்சத்து 5 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே காலத் துண்டைக் குறிவைத்தது. அது துணிச்சலான, சரியான முடிவு.

என் ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு மாதிரியை ஓட்டுமுன் அதற்கு ஓர் உலகத்தைக் கொடுத்தாக வேண்டும்: மலை எவ்வளவு உயரம், கிரீன்லாந்தில் பனிப்பாளம் எவ்வளவு, எங்கே காடு, எந்த நீரிணை திறந்திருக்கிறது, காற்றில் வாயு எவ்வளவு. இவற்றை எல்லை நிலைமைகள் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ ஓரத்தில் கிடக்கும் விஷயம் போலத் தோன்றும். ஆனால் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி, இவற்றுள் வாயு நீங்கலான மற்றவற்றிலிருந்துதான் வருகிறது. கரியமில வாயுவை மட்டும் மாற்றி ஓட்டிய துணைச் சோதனைகளைக் கொண்டு 2023-இல் கணக்கிட்டார்கள். பிளியோசீன் வெப்ப உயர்வில் பாதிக்குச் சற்று அதிகமானதே வாயுவின் பங்கு. மீதி, பனியும் காடும் நிலமும் மாறியதன் விளைவு. அதாவது மாதிரி தானாகக் கண்டுபிடிக்காமல் நாம் அதன் கையில் திணித்தவற்றின் விளைவு.

திணித்தவை எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால் சங்கடம் கூடுகிறது. பிளியோமிப்பின் தாவர வரைபடம் 2008-இல் சால்ஸ்மனும் சகாக்களும் உருவாக்கியது. அதற்கு ஆதாரம் 202 இடங்களின் தொல்தாவரச் சான்றுகள். அவை 36 லட்சம் முதல் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வரை பரவியவை. பத்து லட்சம் ஆண்டுக் காட்டை வெட்டி ஒரு கணத்தில் ஒட்டியாயிற்று. 202 இடங்களைத் தவிர மற்ற நிலமெல்லாம் எப்படி நிரம்பியது? பிரிட்டனின் ஹேட்லி மையத்து வளிமண்டல மாதிரி பிளியோசீனுக்குக் கணித்த தட்பவெப்பத்தை ஒரு தாவர மாதிரிக்கு ஊட்டி நிரப்பினார்கள். அந்த வளிமண்டல மாதிரியைத் தன்னுள் கொண்ட ஹேட்லி கடல்–காற்று மாதிரியும் பிளியோமிப்பில் பங்கேற்று, அதே தாவர வரைபடத்தின் மேல் ஓடி, தன் மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டது.

பனிப்பாளத்தின் கதையும் இதுவே. வில்க்ஸ் கடற்கரைக்கு அப்பால் எடுத்த சேற்று உள்ளகங்கள் கிழக்கு அன்டார்க்டிகப் பனி பின்வாங்கியதைச் சொல்கின்றன. ராஸ் கடலில் துளைத்தெடுத்த ஆண்ட்ரில் உள்ளகம், பனி இருந்த இடத்தில் திறந்த கடல் பலமுறை வந்துபோனதைச் சொல்கிறது. நல்ல சாட்சிகள்தாம். ஆனால் எந்தப் பள்ளத்தாக்குவரை, எத்தனை மீட்டர் தடிமனில் என்பதை அவை சொல்வதில்லை. அந்த விவரங்களை நிரப்பியது பனிப்பாள மாதிரி. அதை ஓட்டியது தட்பவெப்ப மாதிரி. கடல்மட்டம் இதற்குக் கடிவாளமாக இருக்குமே என்று வாதிடலாம். பிரிஸம் நெடுநாள் வைத்திருந்த உயர்வு 25 மீட்டர். மல்லோர்காக் குகைகளின் கால்சைட் படிவங்களை அளந்து 2019-இல் வந்த மதிப்பீடு சுமார் 16 மீட்டர். அதிலும் பிழை வரம்பு 6 மீட்டரையொட்டித் தொடங்கி 19-ஐத் தாண்டுகிறது. இவ்வளவு தளர்ந்த கடிவாளத்தைக் கொண்டு எந்தக் குதிரையையும் நிறுத்த முடியாது.

இனி, பெருமையாகக் காட்டப்படும் வெற்றிக்கு வருவோம். முதல் கட்டத்தில் வடக்கு அட்லாண்டிக்கில் சான்றுகள் காட்டிய வெப்பத்தை மாதிரிகளால் எட்ட முடியவில்லை. இரண்டாம் கட்டத்தில் இடைவெளி குறைந்தது. நடுவில் என்ன நடந்தது? பேரிங் நீரிணையையும் கனடா வடக்குத் தீவுகளுக்கிடையிலான நீர்வழிகளையும் மாதிரிகளுக்குக் கொடுத்த உலகில் அடைத்தார்கள். ஆர்க்டிக்கிலிருந்து நன்னீர் வருவது குறைந்து, அட்லாண்டிக் நீரோட்டம் வலுத்து, வடக்கு சூடானது. அடைத்ததற்குப் புவியியல் காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் பேரிங் நீரிணை ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை திறந்துவிட்டதற்கு மெல்லுடலிகளின் புதைபடிவங்கள் சாட்சி. 32 லட்சம் ஆண்டுக்கு முன் மூடியிருந்ததா என்பது விவாதத்துக்கு உரியது. இடைவெளி இருந்த இடத்தில், இடைவெளியைக் குறைக்கும் திசையில், விவாதத்துக்கு உரிய ஒரு கதவு மூடப்பட்டிருக்கிறது. அதே சமயம் ஒப்பிடப்படும் சான்றுத் தொகுப்பும் மாறிவிட்டது. தராசின் இரு தட்டையும் ஒருசேர மாற்றிவிட்டு முள் நேராக நிற்கிறது என்றால், அதில் மாதிரியின் திறமை எவ்வளவு?

இரண்டாம் கட்டத்தில் ஓடிய மாதிரிகள் பிளியோசீன் வெப்ப உயர்வுக்குச் சொன்ன விடைகள் 1.7 டிகிரியிலிருந்து 5.2 டிகிரிவரை சிதறிக் கிடக்கின்றன. ஒரே பனி, ஒரே நிலம், பத்து லட்சத்தில் 400 பங்கு என்ற ஒரே அளவு வாயு கொடுத்தும் மூன்று மடங்கு வித்தியாசம். பத்திரிகைகளுக்குப் போவதோ சராசரியான 3.2 மட்டும். அந்த 400-ம் உறுதியான அளவல்ல. போரான் ஐசோடோப்புகளைக் கொண்டு 2020-இல் வந்த ஆய்வு அதே காலத் துண்டுக்கு 371 என்கிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய 280-இலிருந்து கணக்கிட்டால் வாயுவின் வெப்ப உந்துதல் இதனால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். வாயு இரட்டித்தால் புவி எவ்வளவு சூடாகும் என்ற உணர்திறனைப் பிளியோசீனிலிருந்து கறக்க முனைகிறவர்கள் இதைப் பிழை வரம்புக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். பிழை வரம்பு என்பது இத்துறையில் ஒரு பெரிய சாக்குமூட்டை ஆகிவிட்டது.

பனி உருகவும் காடு வடக்கே நகரவும் நூற்றாண்டுகள், ஆயிரமாண்டுகள் ஆகும் என்பது மாதிரிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே, அவை மாறி முடிந்த ஓர் உலகத்தின் மழையையும் வெயிலையும், அவை மாறத் தொடங்கியிருக்கும் 2030-க்கு அளவுகோலாக நீட்டுகிறார்கள். பிளியோசீன் ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதி ஈரமாக இருந்தது என்பதைப் படித்துவிட்டு அங்கே நாளை மழை பெருகும் என்று நம்புகிறவருக்கு, அந்த ஈரத்தில் வாயுவின் பங்கு எவ்வளவு, திணித்த காட்டின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

மூன்றாம் கட்டத்தின் திட்டம் வெளிவந்துவிட்டது. அதில் பங்கேற்பவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. பனியையும் தாவரத்தையும் கையில் கொடுக்காமல், மாதிரிகளே வளர்த்தெடுக்கும்படி ஓட்டுங்கள். விடை கேவலமாக வந்தாலும் அதையே முதல் படமாக அச்சிடுங்கள். அதுவரை, சான்றோடு மாதிரி ஒத்துப்போகிறது என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும், எவை கொடுக்கப்பட்டவை என்ற பட்டியலையும் அதே பக்கத்தில் போடுங்கள்.