கிழவனும் கிழத்தியும்: ஒரு சொல்லாய்வு

மணஞ்செய்யாது இணைந்தோரைச் சுட்டுதற்கு இன்று நாம் வழங்கும் தொடர்கள் பெரும்பாலும் இன்மையைக் கூறுவன. 'மணமாகாத இணையர்', 'திருமணமின்றிச் சேர்ந்து வாழ்வோர்' என்பன அவ்வுறவு யாது எனக் கூறாது, அஃது எதுவன்று என்பதையே கூறுகின்றன. 'வைப்பு' என்னும் சொல்லோ பெண்ணை மட்டுமே சுட்டி இழிவுபடுத்துவது. இந்நிலையில், தொல்காப்பியப் பொருளதிகாரம் ஆளும் கிழவன், கிழத்தி என்னுஞ் சொற்களை மீள நோக்குதல் பயனுடைத்து.

இவை கிழமை என்பதன் அடியாகப் பிறந்தவை. கிழமையாவது உரிமை. கோவூர் கிழார் முதலிய பெயர்களில் அப்பொருள் இன்றும் புலப்படுகின்றது. களவியல், இருவரும் முதன்முதல் எதிர்ப்படும் நிலையிலேயே அவர்களைக் கிழவன், கிழத்தி என்கின்றது. கற்பியல், கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கரணத்தோடு கொள்ளுதலை விளக்குமிடத்தும் அப்பெயர்களையே ஆளுகின்றது. கற்பு நிலையில் மனைவி என்னும் பெயரும் வருமாயினும், கிழத்தி என்பது நீங்கவில்லை. ஆகவே, உரிமை கரணத்தாற் பிறப்பதன்று. ஒத்த அன்பாற் பிறந்த உரிமையைக் கரணம் ஊரறியச் செய்கின்றது என்பதே இச்சொல்லாட்சி உணர்த்தும் கருத்தெனக் கொள்கின்றோம். உரையாசிரியர் பெரிதும் வழங்கும் தலைவன், தலைவி என்னும் பெயர்கள் தலைமையைக் காட்டுவனவேயன்றி, இவ்வுரிமைப் பொருளைக் காட்டுவன அல்ல.

எனினும், இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் மணத்தை வேண்டாதிருந்தனர் என முடிவு செய்தல் பொருந்தாது. அகத்திணை ஒரு புலனெறி வழக்கு. சமூகச் சட்டம் அன்று. களவு வரைவை நோக்கியே செல்கின்றது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது எனத் தொல்காப்பியரே கூறுகின்றார். உடன்போக்கிற் கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு என அவர் கூறுவதிலிருந்து, பெற்றோர் கொடை தவிர்க்கப்படலாம், கரணம் தவிர்க்கப்படவில்லை என்பது பெறப்படும்.

அன்றியும், இவ்வுரிமை இருபாலார்க்கும் ஒரு தன்மைத்தாய் அமையவில்லை. ஒப்புமை வேண்டிய களவியலே, ஆடவன் மிக்கோனாயின் குற்றமில்லை என்கின்றது. பெண் மிக்கவளாதற்கு அவ்விடத்து இடந்தரவில்லை. கற்பியலில் வரும் காமக்கிழத்தி என்னும் பெயர் மேலும் நோக்கற்பாலது. கிழத்தி என்ற உரிமைப் பெயரே, காமம் என்னும் அடையால் எல்லை குறுகி, இல்லக்கிழத்தியல்லாத பெண்ணுக்கு உரியதாகின்றது. அவள் யார் என்பதில் இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வேறுபடுவர். ஆயின், ஆடவனைக் குறிக்கக் காமக்கிழவன் என ஒரு வகையினை அந்நூல் வகுக்கவில்லை. கிழமையின் ஏற்றத்தாழ்வு இவ்விடத்து வெளிப்படுகின்றது.

முதுமைப் பொருளே மேலோங்கிய இன்றைய வழக்கிற் பழஞ்சொற்களை மீட்டு வழங்குதல் இயலாது. அது நம் நோக்கமும் அன்று. ஆயினும், புதுச்சொல் ஆக்குவோர் இருவர்க்கும் ஒப்பப் பொருந்துவதும், இன்மையைக் கூறாது உரிமையைக் கூறுவதுமாகிய சொல்லைத் தேடுதல் வேண்டும். அத்தேட்டத்திற்குக் கிழமை என்னும் வேர் வழிகாட்டும். காமக்கிழத்தி என்னும் ஆட்சி எச்சரிக்கையாகும்.