பின்னணியிசை வாணிபமும் மலையகத்தின் ஒலியும்: தெல்தெனியவை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

‘றோயல்ரி பிறீ’ எனும் அடைமொழியுடன் இன்று விற்கப்படும் பின்னணியிசையை இலவச இசையெனப் பலரும் மயங்குவர். அது விலைக்கு விற்கப்படும் பண்டமே. ஒருமுறை கட்டணமோ மாதச் சந்தாவோ செலுத்தியவர், பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் உரிமைத்தொகை செலுத்தும் கடப்பாட்டினின்று விடுபடுகிறார், அவ்வளவே. விடுதலை வாங்குவோனுக்கேயன்றி ஆக்கியோனுக்கன்று.

இசையைச் சேமித்து விற்கும் தொழில் புதியதன்று. லண்டனில் டி வுல்ஃப் நிறுவனம் 1909இல் தோன்றி, மௌனப்படங்களுக்கு இசை வழங்கியது. அம்மரபில், ஒலிபரப்பு நிகழுந்தோறும் ஆக்கியோனுக்கு ஒரு தொகை சேர வழியிருந்தது. ஸ்ரொக்ஹோமில் 2009இல் தோன்றிய எபிடெமிக் சவுண்ட் போன்றவை, ஆக்கத்தை ஒரே தொகைக்கு முழுதாக வாங்கி அவ்விழையை அறுத்தன. கேட்புத் தளங்களின் வருவாயில் அந்நிறுவனம் பாதிப்பங்கு தருவதையும் இங்குக் குறித்தல் வேண்டும். எனினும் அது உரிமையாகாது, ஒப்பந்தச் சலுகையே.

தெல்தெனியவை நோக்குவோம். 1985இல் திறக்கப்பட்ட 122 மீற்றர் உயர விக்டோரியா அணையின் பின்னே பழைய நகர் நீரில் ஆழ்ந்தது. புதிய நகர் மேட்டுநிலத்தில் எழுந்தது. நீர் வற்றுங்காலத்து வெளித்தெரியும் எச்சங்களைப் படம்பிடிக்கும் ஒருவர் இசைக் களஞ்சியத்தை நாடின், ‘சோகம்’, ‘அமைதி’, ‘பயணம்’ எனும் தலைப்புகளே அவருக்குக் கிட்டும். அதே இசை நோர்வேயின் மலைக்கும் வங்கி விளம்பரத்துக்கும் பொருந்தும். எங்கும் பொருந்துவதே அதன் விற்பனைத் தகுதி. கண்டிய நடனத்தின் கெட்டபெரயவும் ரங்கலைப் பக்கத் தோட்டங்களின் தப்பும் அவ்வாறு பொருந்துவனவல்ல. அவை ‘இனத்துவ இசை’ என்ற தட்டில், அடித்தவர் பெயரின்றிச் சில வினாடித் துணுக்குகளாகவே இடம்பெற இயலும்.

இவற்றைச் சட்டம் அறவே கைவிட்டுவிடவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 24ஆம் பிரிவில், நாட்டார் வெளிப்பாடுகளை வாணிப நோக்கிற் பயன்படுத்துவதற்கு அனுமதியும் கட்டணமும் வேண்டுமென்கிறது. அனுமதியளிப்பதோ அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரி. பணம் செல்வதோ ‘பண்பாட்டு அபிவிருத்தி’க்கு. அடித்தவர்க்கும் பாடியவர்க்கும் பங்குண்டெனப் பிரிவு கூறவில்லை. இச்சட்டத்துக்கு முந்திய இலக்கத்தையும் கவனித்தல் தகும். அதே ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இந்திய வம்சாவளியினரில் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கியது. 1948இல் இம்மக்களை நாடற்றோராக்கிய அரசு, அவர்களைக் குடிகளாக ஏற்று முடித்த கையோடு, அவர்தம் பாடல்களுக்குக் காவலனாகவும் தன்னை அமர்த்திக்கொண்டது! தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை எந்த அரசின் அதிகாரியுமல்லர்.

ஆயினும் அச்சட்டத்தின் நிகழ்த்துநர் உரிமை, நமது படைப்பாளிகள் அதிகம் நாடாத ஒரு கருவி. நிகழ்த்துகை பதிவாயின், 50 ஆண்டுகள் அதற்குப் பாதுகாப்புண்டு. இவ்வுரிமை அரசுக்கன்றி, தப்படிப்பவருக்கே உரியது. தெல்தெனியவைப் படமாக்குவோர் தோட்டத்துக் குழுவை அழைத்துப் பதிவுசெய்து, பெயரையும் பங்கையும் எழுத்தில் வரைந்துகொள்ளலாம். களஞ்சியச் சந்தாவிலும் சற்றுக் கூடுதலான செலவு பிடிக்கும்.