திடல் யாருடையதோ, அணியும் அவருடையதே

1-16, 3-13, 2-20. அயர்லாந்தின் ஆஃபலி மாவட்டத்துப் பையன்கள் 2022, 2023, 2024 என்று அடுத்தடுத்து ஆடிய மூன்று இறுதி ஆட்டங்களில் எடுத்த கணக்கு இது. முதல் இரண்டிலும் தோற்றார்கள், மூன்றாவதில் கோப்பையைத் தூக்கினார்கள். கோலசிலாங்கூர் வாசகருக்கு அயர்லாந்து எதற்கு என்று கேட்கலாம். தோட்டத்து அணிகள் எங்கே போயின என்ற நம்முடைய பழைய கேள்விக்கு இந்த மூன்று கணக்குகளிலும் அவற்றின் பின்னணியிலும் பதில் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹர்லிங் மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டம். ஹாக்கி பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் ஐந்து நிமிடம் தலை சுற்றும். பந்து பெரும்பாலும் ஆகாயத்தில்தான் இருக்கும். அதைக் கையால் பிடிக்கலாம், மட்டை நுனியில் ஏந்திக்கொண்டு ஓடலாம், ஓடுகிற ஓட்டத்திலேயே ஓங்கி அடிக்கலாம். அணிக்குப் பதினைந்து பேர். திடல் கால்பந்துத் திடலைவிட நீளம், 130 மீட்டருக்குக் குறையாது. கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. சட்டத்துக்கு மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே பறந்தால் ஒரு புள்ளி. கணக்கை எழுதும்போது கோல் முன்னால், புள்ளி பின்னால். ஆக 2-20 என்றால் இரண்டு கோலும் இருபது புள்ளியும், மொத்தம் 26.

இனி ஆட்டங்களுக்கு வருவோம். 2022 ஜூலை, கில்கென்னி நகரின் நோலன் பார்க். 17 வயதுக்குட்பட்டோருக்கான அகில அயர்லாந்து 'மைனர்' இறுதி ஆட்டம். எதிரே டிப்பரேரி, ஹர்லிங்கில் பரம்பரைப் பணக்காரர்கள். கடைசி நொடிகளில் ஆஃபலி இரண்டு புள்ளி முன்னிலை. டிப்பரேரி உயரத் தூக்கி அனுப்பிய பந்து கோல் முகத்துக்குள் விழுகிறது. மட்டைகள் மோதும் நெரிசலில் பேடி மெக்கார்மக் அதை வலைக்குள் தள்ளுகிறார். 1-17க்கு 1-16. ஒரே புள்ளியில் தோல்வி.

2023 மே, தர்லஸ் நகரில் 20 வயதுக்குட்பட்டோர் இறுதி. மைனர் அணியில் ஆடிய பலர் இதிலும் இருந்தார்கள். எதிரணி கார்க். ஆஃபலி மூன்று கோல் போட்டது, கார்க் இரண்டுதான். ஆனாலும் கார்க் 2-22, ஆஃபலி 3-13. ஆறு புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. மூன்று கோல் போட்ட அணி எப்படித் தோற்றது? கார்க் புள்ளி புள்ளியாகச் சேர்த்துக்கொண்டே போனது. ஆஃபலி பெரிய அடிக்குக் காத்திருந்தது. கோல் கூட்டத்தை எழுப்பும், ஆட்டத்தை வெல்வது பெரும்பாலும் சில்லறைக் காசுதான்.

2024 ஜூன் 8, மறுபடியும் நோலன் பார்க், மறுபடியும் டிப்பரேரி. இந்த முறை இரண்டு அணிக்கும் இரண்டிரண்டு கோல். ஆனால் ஆஃபலி 20 புள்ளி, டிப்பரேரி 14. முந்தைய ஆண்டு எந்த ஆறு புள்ளியில் தோற்றார்களோ, அதே ஆறு புள்ளியில் ஜெயித்தார்கள். 13 புள்ளி எடுத்த அணி ஓராண்டில் 20க்கு ஏறியதுதான் அந்தப் பருவத்தின் முழுக் கதையும். அந்த ஏற்றத்தில் பெரும் பங்கு ஆடம் ஸ்க்ரீனி என்ற முன்வரிசை ஆட்டக்காரருடையது. அவர் உடல்வாகில் பெரியவர் அல்லர், மோதி ஜெயிக்கிற ரகமும் அல்லர். தடுப்பாளருக்கு அரை அடி இடைவெளி கிடைத்ததும் மட்டையைச் சுழற்றிவிடுவார். தண்ட அடிகளையும் தவறவிடமாட்டார். இப்படி ஒருவர் இருந்தால் எதிரணி தப்பு செய்யவே பயப்படும். அந்தப் பயம் மற்றவர்களுக்கு இடத்தைத் திறந்துவிடும். ஆஃபலிக்கு இந்த வயதுப் பிரிவில் அதுதான் முதல் பட்டம். ஊர் முழுக்கத் திடலுக்குள் இறங்கிவிட்டது.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. பயிற்சியாளர் லியோ ஓ'கானர் 2022இல் மைனர் அணியோடு இருந்தவர், 2023, 2024இல் அதே பையன்களோடு மேலே ஏறியவர். தோற்ற மறுநாளே பயிற்சியாளரை மாற்றும் நம் பழக்கத்துக்கு இது நேர் எதிர். கடைசி நொடியில் விழுந்த கோலையும், மூன்று கோல் போட்டும் தோற்றதையும் அந்தப் பையன்களோடு சேர்ந்து அனுபவித்தவருக்குத்தான் எதைத் திருத்த வேண்டும் என்று தெரியும்.

இதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஆஃபலி சின்ன மாவட்டம், 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 83,000 பேர். 1981, 1985, 1994, 1998 என்று நான்கு முறை பெரியவர் பட்டம் வென்ற ஊர். பிறகு சரிவு. 2018இல் முதல் தட்டிலிருந்து இறக்கம், 2019இல் இரண்டாம் தட்டிலிருந்தும் இறக்கம். அதே காலத்தில் ஊரின் பிழைப்பும் ஆட்டம் கண்டது. ஆஃபலியின் சதுப்பு நிலத்தில் மண்கரியை வெட்டி எடுப்பது போர்ட் ந மோனா என்ற அரசு நிறுவனத்தின் வேலை. தலைமுறை தலைமுறையாக அங்கே கூலி வாங்கிய குடும்பங்கள் உண்டு. அந்த மண்கரியை எரித்து ஓடிய ஷானன்பிரிட்ஜ் ஊரின் மின் நிலையம் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. 2021 ஜனவரியில், இனி மண்கரி வெட்டுவதே இல்லை என்று நிறுவனம் அறிவித்தது.

ஒரே முதலாளி, ஒரே தொழில், அது நின்றுபோன ஊர். தென்னமரத்திலோ ராஜா மூசாவிலோ இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆஃபலியில் தொழில் நின்ற பிறகும் அணி நிற்கவில்லை. மண்கரி வெட்டு முடிந்ததாக நிறுவனம் அறிவித்த மூன்றே ஆண்டில் பையன்கள் நாட்டையே ஜெயித்தார்கள். காரணம், குழு என்றுமே நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்ததில்லை. 1884இல் தொடங்கிய ஜி.ஏ.ஏ. என்ற சங்கத்தின் கீழ் ஒவ்வொரு ஊருக்கும் குழு. பெரும்பாலும் மாதா கோயில் பங்கின் எல்லைதான் குழுவின் எல்லை. குழுவின் திடல் ஊர்க்காரர்களே பொறுப்பேற்கும் அறங்காவலர் பெயரில் இருக்கும். ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. அகில அயர்லாந்துக் கோப்பை வாங்கினவனும் திங்கட்கிழமை வேலைக்கோ வகுப்புக்கோ போக வேண்டியதுதான். மாவட்டத்துக்கென்று கில்கார்மக்கில் பொதுவான பயிற்சித் திடல்களும் உண்டு. அணி தரமிறங்கிய காலத்திலும் அந்தத் திடல்கள் அங்கேயே இருந்தன.

மட்டைக்கான மரத்துக்கே நெருக்கடி வந்தபோதும் திடல் மீதான இந்தப் பிடிப்பு தளரவில்லை. மட்டை செய்ய ஆஷ் மரத்தின் ஏதோ ஒரு பகுதி போதாது. தண்டு வேராக வளைகிற அடிப்பகுதியில் ஒரு மீட்டர் சொச்சம்தான் வேண்டும். அங்கேதான் மரத்தின் ரேகை வளைந்து ஓடும். மட்டையின் வளைந்த நுனியும் அதே வளைவில் வெட்டப்படுவதால் ஓங்கி அடித்தாலும் எளிதில் பிளக்காது. இப்போது பூஞ்சை நோய் அந்த மரங்களை அழித்து வருகிறது. வெளிநாட்டு மரமும், மூங்கிலில் செய்த மட்டையும்கூடக் களத்துக்கு வந்துவிட்டன. மரத்துக்கு மாற்றுத் தேடிக்கொண்டார்கள். திடலை மட்டும் கைவிடவில்லை.

இப்போது நம் பக்கம். கோலசிலாங்கூர் வட்டாரம் மலேசியத் தோட்ட வரலாற்றிலேயே முன்வரிசை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தென்னமரத்தில்தான் நடப்பட்டது. ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான் தொடங்கி, இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை வரை, லயன் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கோயிலும் ஒரு பள்ளியும் ஒரு திடலும் இருந்த தோட்டங்கள் எத்தனை! விடியலில் பெரட்டு, மதியத்துக்குள் பால் நிறுத்து முடிந்துவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திடலில் பந்து உருளும். கிராணி செயலாளர், துரை கோப்பை கொடுப்பார், பக்கத்துத் தோட்டத்தோடு மோத லாரியில் ஏறிப் போவார்கள். திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் போட்டி இல்லாத தோட்டம் அபூர்வம். தேர்வு, பயிற்சி, எதிரணி, பார்வையாளர் என்று ஓர் இளையோர் அணிக்கு வேண்டியதெல்லாம் ஒரே வேலிக்குள் கிடைத்தது.

திறமையிலும் குறை சொல்ல முடியாது. போர்ட் கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காவலராக நின்று 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் எடுத்தார். 1975 உலகக் கிண்ண ஹாக்கியில் மலேசியா நான்காம் இடம் பிடித்தபோது அணித் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். ஆட்டக்காரர்களை உருவாக்கும் மண் நம்மிடம் இருந்தது.

ஆனால் அந்த வேலிக்குள் ஒன்றுகூட நம்முடையதில்லை. வீடு கம்பெனியுடையது, தண்ணீர்க் குழாய் கம்பெனியுடையது, திடலும் கம்பெனியுடையது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது. நிலம் கைமாறியது, துண்டானது. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறின. கோயிலை எடுத்துப் போய் வேறிடத்தில் கட்டினார்கள், பள்ளியை இடம் மாற்றக் கேட்டுப் பெற்றார்கள். திடலை யாரும் எடுத்துப் போக முடியவில்லை. இருக்க வீடே கேள்விக்குறியாக நிற்கும்போது திடலைப் பற்றி யார் பேசுவார்கள்? திடல் போனதும் அணியும் போனது.

பெரிய மட்டத்திலும் இதே கதைதான். இந்தியர் சமூகத்தின் பெயரில் வளர்ந்த மீஃபா கால்பந்துக் குழு 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பிறகு பெயர் மாறி, உடைமை மாறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று சூப்பர் லீக் வரை ஏறியது. 2022 பருவத்தில் உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தது. பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்தே விலகிவிட்டது. மேலிடத்தில் ஒரு முடிவு எடுத்ததும் குழுவே இல்லாமல் போனது. அந்த முடிவைத் தடுக்கவோ, குழுவைக் கையில் ஏந்திக்கொள்ளவோ ஊர் என்று ஒன்று அதற்குக் கீழே இல்லை.

அயர்லாந்தைத் தூக்கிவைத்துப் பேசவும் வேண்டாம். அங்கும் கிராமங்களில் ஆள் குறைகிறது. பதினைந்து பேர் சேராமல் பக்கத்து ஊர்க் குழுக்கள் இளையோர் பிரிவில் கைகோக்கின்றன. மைனர் வயதை 2018இல் 18இலிருந்து 17ஆகக் குறைத்தார்கள். பள்ளி இறுதித் தேர்வு எழுதும் ஆண்டில் பையனை இரண்டு பக்கமும் இழுக்க வேண்டாம் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த முடிவு சரியா என்று அங்கே இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் எஸ்.பி.எம். ஆண்டில் பிள்ளையைத் திடலுக்கு அனுப்பத் தயங்கும் நம் பெற்றோருக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும்.

இதிலிருந்து வட சிலாங்கூருக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

ஒன்று, தனித்தனிப் பள்ளி அணி என்ற பிடிவாதத்தை விட வேண்டும். 150 மாணவர்களுக்கும் குறைவான தமிழ்ப்பள்ளியில் ஒரே வயதுப் பிரிவில் பதினோரு பேரைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். மூன்று நான்கு பள்ளிகள் சேர்ந்து வட்டார அணி அமைத்தால் எண்ணிக்கையும் போட்டியும் இரண்டும் கிடைக்கும். ஆறாம் ஆண்டோடு பிள்ளைகள் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிக்குப் பிரிந்து போனாலும் வட்டார அணி பிரியாது. நம் பையன்கள் பந்தை விடுவது பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டாம் வயதில்தான்.

இரண்டு, போட்டியைவிடப் பருவம் முக்கியம். ஒரு நாள் போட்டி, பெரிய கோப்பை, மேடையில் மாலை, அடுத்த ஆண்டு வேறு முகங்கள். இப்படி நடத்தினால் 13 புள்ளி 20 ஆகாது. அதே பிள்ளைகள், அதே பயிற்சியாளர், மூன்று ஆண்டு. நடுவில் தோல்வி வரும். அதைப் பாடமாக்கத் தெரிந்தவரை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டு, ஏற்பாட்டாளர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் தலையானது. திடலுக்கு எழுத்தில் உரிமை வேண்டும். நகராண்மைக் கழகத் திடலில் கெஞ்சிக் கேட்டு வாங்கும் இரண்டு மணி நேரம் போதாது. சொந்த நிலம் இல்லையென்றால் நீண்ட காலக் குத்தகை, அதுவும் தனி ஆள் பெயரில் இல்லாமல் பதிவு பெற்ற வட்டாரச் சங்கத்தின் பெயரில். கோயில் நிர்வாகம், பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று மூன்று அமைப்புகள் நம் ஊர்களில் ஏற்கெனவே உண்டு. கட்டடத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் நிதி திரட்டத் தெரிந்த கைகள்தான் அவை. அந்தப் பட்டியலில் திடலை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். ஆட்சி மாறினாலும் தலைவர் மாறினாலும் அந்தக் குத்தகைத் தாள் மாறக்கூடாது.

இரண்டு முறை தரமிறங்கிய ஆஃபலி கோப்பையைத் தொட 2018 முதல் 2024 வரை ஆறு ஆண்டு பிடித்தது. அவர்கள் கையில் திடல் முன்பே இருந்தது. நாம் அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதால் கூடுதல் காலம் ஆகும். இன்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எட்டு ஆண்டில் பதினேழு. அந்த எட்டு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு திடலைப் பிடித்துக் கொடுத்தால், வட சிலாங்கூரிலிருந்து மறுபடி ஓர் அணி வரும். அதை ஜெயிக்க வைப்பது பயிற்சியாளரின் பாடு.